பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையம்) வேலை பார்க்கிறவங்க உடம்புக்கு அசைவு போதுமா? வி.எச்.என்., நர்ஸ், ஃபார்மசிஸ்ட் எல்லாரும் எழுதுங்க

துணைநிலையத்து அக்கா | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். 24 வருஷ சர்வீஸ் எனக்கு. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர், அதாவது வி.எச்.என். போன மாசம் எங்க பி.எச்.சி.யில ஸ்டாஃப் எல்லாருக்கும் பி.பி., சுகர் பார்த்தோம். மத்தவங்களுக்கெல்லாம் குத்தி முடிச்சுட்டு கடைசியா என் விரலை நானே குத்திக்கிட்டேன். 214. ஸ்ட்ரிப் காத்து பட்டிருக்கும்னு நினைச்சு புது டப்பா உடைச்சு இன்னொண்ணு போட்டேன். 209. மறுநாள் வெறும் வயித்துல 148. இடுப்பை டேப் வச்சு அளந்தா 94 செ.மீ. பொம்பளைங்களுக்கு 80-க்குள்ள இருக்கணும்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வர்றது நான்தான்.

எனக்கு வயசு 47. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சுகர் கிடையாது. சோறு எல்லாரும் சாப்பிடுற மாதிரிதான். மனசு ஆறாம ஒரு வாரம் செல்போனை இடுப்புல சொருகிக்கிட்டு எத்தனை எட்டு வைக்கிறேன்னு எழுதி வச்சேன். புதன்கிழமை தடுப்பூசி நாள், 9,800. வீடு வீடா போன நாள் 6,000 சொச்சம். வெள்ளிக்கிழமை காலையில இருந்து ஆன்லைன் எண்ட்ரி, அப்புறம் ரிவ்யூ மீட்டிங்: 2,900. அதுல பாதி எங்க வீட்டு அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடந்தது.

நான் நாள் பூரா அலையற ஆளுன்னுதான் இத்தனை வருஷம் நினைச்சிட்டிருந்தேன். ஸ்கூட்டி வாங்கி 11 வருஷம் ஆச்சு. கணக்குப் பார்த்தா அலைஞ்சது வண்டிதான்.

உங்க பி.எச்.சி.யில எப்படி? வேலையைத் தவிர தனியா உடற்பயிற்சின்னு செய்யறவங்க யாராவது இருக்கீங்களா? நிஜமா கேக்கறேன்.

மருந்து ஜன்னல் | ஞாயிறு, இரவு 10.15

நான் ஃபார்மசிஸ்ட். காலை ஓ.பி. 200 சீட்டுக்கு மேல வரும். நாலு மணி நேரம் நின்னுக்கிட்டே இருப்பேன். ஜன்னலுக்கும் ரேக்குக்கும் மூணு எட்டு. சுகர் மாத்திரை, பி.பி. மாத்திரை எல்லாம் கையெட்டுற உயரத்துல இருக்கறதால அந்த மூணு எட்டும் பாதி நேரம் தேவைப்படாது. சாயங்காலம் கெண்டைக்கால்ல நரம்பு சுருண்டு நிக்குது. வேலை செஞ்ச களைப்பு முழுசா இருக்கு, ஆனா எதிர் மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. உடம்பு எப்படிக் களைச்சது, எதனால மூச்சு வாங்குதுன்னு யாராவது விளக்கினா நல்லது.

இரவு டூட்டி | ஞாயிறு, இரவு 11.50

ஸ்டாஃப் நர்ஸ். இப்பவும் டூட்டியில இருந்துதான் எழுதுறேன். அக்கா, உங்களுக்கு சுகர் வந்தது கேட்டு வருத்தமா இருக்கு. ஆனா இந்தப் பேச்சு எனக்குப் பயமாவும் இருக்கு. எங்களுக்கு ஏற்கெனவே பத்து ரிஜிஸ்டர். இதுல "நீ நடக்கலை, அதனாலதான் உனக்கு வந்துச்சு"ன்னு பழியும் எங்க தலையில விழணுமா? நேத்து ராத்திரி ஒரு முதல் பிரசவம், இன்னொருத்தருக்கு பி.பி. ஏறி 108 வரவழைச்சு அனுப்பினோம். காலையில வீட்டுக்குப் போனப்ப கால் ரெண்டும் என்னோடதுன்னே தெரியலை. அந்த நேரத்துல வாக்கிங் போன்னு யார் சொன்னாலும் எனக்கு அழுகைதான் வரும்.

சமூக மருத்துவம் பி.ஜி. (மேற்படிப்பு மாணவர்) | திங்கள், காலை 6.30

இரவு டூட்டி சிஸ்டர் சொல்வதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். யாரையும் குறை சொல்ல இந்த இழை பயன்படக் கூடாது. ஆனால் மருந்து ஜன்னல் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது.

உடல் அசைவை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் ஒன்று உண்டு. ஜி-பேக் என்போம். வேலையில் எவ்வளவு, போக்குவரத்துக்கு எவ்வளவு, ஓய்வு நேரத்தில் எவ்வளவு, உட்கார்ந்திருப்பது எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்கும். மிதமான அசைவு ஒரு நிமிஷத்துக்கு 4 புள்ளி, கடுமையானதுக்கு 8. வாரத்துக்கு 600 புள்ளி வந்தால் போதுமான அசைவு உள்ளவர் என்று பதிவாகும். அதாவது மிதமான வேகத்தில் 150 நிமிஷம்.

சிக்கல் எங்கே என்றால், வீட்டு வேலையும் "வேலை" என்ற பகுதியில் சேரும். என் பயிற்சிக் காலத்தில் ஒரு பி.எச்.சி. ஊழியர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாப் பெண்களும் 600-ஐத் தாண்டிவிட்டார்கள். துணி துவைப்பது, தண்ணீர் தூக்குவது, வீடு பெருக்குவது எல்லாம் சேர்ந்துவிடுகிறது. ஓய்வு நேரப் பகுதியைத் தனியாகப் பார்த்தால் வரிசையாகப் பூஜ்யம். ஆண்களில் இரண்டு பேர் ஷட்டில் ஆடுகிறார்கள், அவ்வளவுதான். மொத்தத்தை மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பி.எச்.சி. ஆரோக்கியத்தின் உச்சத்தில் இருக்கிறது என்று எழுதியிருப்பேன். அந்த அறையிலேயே நாலு பேர் பி.பி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று, "எத்தனை நிமிஷம்" என்றால் எல்லோரும் கூட்டித்தான் சொல்வோம். பொய் இல்லை அது. களைப்பைத்தான் நாம் நிமிஷமாக நினைவு வைத்திருக்கிறோம். அக்கா செல்போனை இடுப்பில் சொருகி எண்ணினாரே, அதுவே எங்கள் கேள்வித்தாளை விட நேர்மையான அளவு.

எம்.ஓ. (மருத்துவ அலுவலர்), தருமபுரி | திங்கள், காலை 7.20

1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி எழுதிய கட்டுரையைச் சமூக மருத்துவ வகுப்பில் எல்லோரும் படித்திருப்போம். மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களை விட மாரடைப்பு குறைவு. அதிலிருந்து, வேலையில் அசைந்தால் போதும் என்று ஒரு எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது.

2021-இல் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஹோல்டர்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் பார்த்தபோது வேறு மாதிரி வந்தது. ஓய்வு நேரத்தில் அசைகிறவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைவு. வேலையில் அதிகம் உழைக்கிறவர்களுக்கு அந்தப் பலன் இல்லை, ஆபத்து கூடுதலாகவே இருந்தது. கூலி, படிப்பு, புகை போன்றவை இதற்குள் கலந்திருக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஹோல்டர்மன் குழுவினர் சொல்லும் காரணம் நம் பி.எச்.சி.க்கு அப்படியே பொருந்துகிறது. வேலையில் வரும் அசைவு மெதுவானது, நீளமானது, நடுவில் ஓய்வு இல்லாதது. நிற்கிறோம், குனிகிறோம், தூக்குகிறோம். இதயம் வேகமெடுத்து ஓடி, பிறகு அடங்கி ஓய்வெடுக்கும் அந்தச் சுற்று நடப்பதே இல்லை.

மருந்து ஜன்னல் சார், நாலு மணி நேரம் நின்றதில் உங்கள் கால் தசை களைத்தது. இதயமும் நுரையீரலும் பயிற்சி பெறவில்லை. மாடிப்படியில் மூச்சு வாங்குவது அதனால்தான். ஆனாலும் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். பயிற்சி இல்லாததுதான் காரணம் என்று இங்கிருந்து நான் முடிவு கட்டக் கூடாது.

ஓய்வு பெற்ற நர்ஸம்மா | திங்கள், காலை 11.05

நான் 1986-ல் வேலைக்குச் சேர்ந்தவள். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. என் ஊர்கள் ஏழு. பஸ் ஒரு ஊருக்குத்தான் உண்டு. மற்றதெல்லாம் வரப்பு, வாய்க்கால். ஒரு தோளில் தடுப்பூசிப் பெட்டி, இன்னொரு கையில் செருப்பு, ஏனென்றால் சேற்றில் செருப்போடு நடக்க முடியாது. மாலையில் திரும்பும்போது பெட்டியில் ஐஸ் உருகி வடிந்து பெட்டி லேசாகியிருக்கும், கால் கனத்திருக்கும்.

இப்போது உள்ள பிள்ளைகளிடம் "நாங்க எவ்வளவு நடந்தோம் தெரியுமா" என்று நான் சொல்வதில்லை. எங்கள் செட்டில் எட்டுப் பேர். சர்க்கரை இரண்டு பேருக்குத்தான். முழங்கால் போனது ஆறு பேருக்கு. ஒருத்திக்குக் கர்ப்பம் கலைந்தது, அன்றும் அவள் நடந்துதான் வந்தாள். அந்த நடையை ஆரோக்கியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஸ்கூட்டி வந்தது நல்லதுதான் அம்மா. ஸ்கூட்டி மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரம் எங்கே போனது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

துணைநிலையத்து அக்கா | திங்கள், இரவு 9.15

நர்ஸம்மா கேட்டதுக்குப் பதில் எனக்குத் தெரியும். எண்ட்ரியில போச்சு. ஏ.என். மதருக்கு (கர்ப்பிணிக்கு) பிக்மி எண், அதான் அரசுப் பதிவு எண், போடணும், தடுப்பூசி ஏத்தணும், சுகர், பி.பி. ஸ்கிரீனிங் ஒரு ஆப், லைன் லிஸ்ட் (ஆள்வாரிப் பட்டியல்) வாட்ஸ்ஆப்ல தனியா. நெட் வராதுன்னு ராத்திரி 10 மணிக்கு மேல வீட்டு மாடியில உக்காந்து ஏத்துவேன். முன்னெல்லாம் ஒரு வீட்டுக்குப் போனா பிள்ளையைத் தூக்கிப் பார்ப்பேன், அம்மாகிட்ட நாலு வார்த்தை பேசுவேன். இப்ப திண்ணையில உக்காந்து போனை வெளிச்சம் பார்த்துப் பிடிக்கிறேன்.

தனியா நடக்க முயற்சி பண்ணலையான்னா, பண்ணினேன். 4.30-க்கு எழுந்திருப்பேன். இட்லிச் சட்டி ஏத்தி, ரெண்டு டிபன் பாக்ஸ் கட்டி, மாமியாருக்குக் கஞ்சி வச்சு முடிக்க ஏழாகும். அதுக்கு நடுவுல 5 மணிக்கு அரை மணி நேரம் போகலாம்னு ரோட்டுல இறங்கினேன். நாய் ஒரு பக்கம், லைட் இல்லாதது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. எங்க ஊர்ல நர்ஸு விடியக்காலையில வேகமா நடந்தா யாருக்கோ வலி எடுத்துடுச்சுன்னு அர்த்தம். முதல் நாளே மூணு வீட்ல கதவைத் திறந்து "யாருக்கும்மா? எந்தத் தெரு?"ன்னு கேட்டாங்க. ஒரு பாட்டி தலையில முக்காடு போட்டுக்கிட்டு என் பின்னாலயே வந்துடுச்சு, பிரசவம்னா ஒத்தாசைக்கு ஆள் வேணுமேன்னு. சும்மா நடக்கிறேன்னு சொன்னா நம்ப மாட்டேங்குது. நாலாவது நாள் ஒரு அம்மா பேரனுக்கு மூணு நாளா வயித்தால போகுதுன்னு கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஓ.ஆர்.எஸ். கரைச்சுக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்தப்ப 6.40. அன்னிக்கு இட்லி இல்ல. அதோட நிறுத்திட்டேன்.

அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. 24 வருஷமா நான் அப்படித்தான் நடந்திருக்கேன். அந்த ஊர்ல எனக்காக நடக்கிறதுக்கு ஒரு வழியே இல்ல.

தேடி வரும் பை | திங்கள், இரவு 10.02

நான் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர். மகளிர் சுய உதவிக் குழுவுல இருந்து வந்தேன். 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில திட்டம் ஆரம்பிச்ச அந்த வருஷமே சேர்ந்துட்டேன். பையில பி.பி. மெஷின், சுகர் மெஷின், மாத்திரை. தினமும் தெருத்தெருவா போறோம். எட்டு எண்ணினா 7,000, 8,000 வரும். ஆனா நாலு வீட்டுக்கு ஒரு தடவை நின்னு உக்காந்துடுவோம். ஒவ்வொரு வீட்லயும் டீ. வேண்டாம்னு சொன்னா மனசு நோகும்னு பாதியாவது குடிப்பேன். மூணு வருஷத்துல 6 கிலோ ஏறிட்டேன். எனக்கு இப்பதான் புரியுது. டீ வேண்டாம், தண்ணி குடுங்கன்னு நாளையில இருந்து கேக்கப்போறேன்.

எம்.ஓ., தருமபுரி | செவ்வாய், காலை 6.50

அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதுமான அசைவு இல்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57. அந்த 15 சதவீத இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று அக்காவின் விடியற்காலையைப் படித்தால் தெரியும்.

நம் அரசே 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கி.மீ. நடைபாதையை ஆரம்பித்தது. நல்ல திட்டம், நானே போயிருக்கிறேன். ஆனால் அது மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. துணை நிலையத்தில் இருப்பவர் பஸ் ஏறிப் போய் நடக்க முடியாது.

நான் சொல்ல விரும்புவது இதுதான்: நம் ஊழியர்களுக்கு அறிவுக் குறைவு இல்லை. 150 நிமிஷக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். நேரத்தையும் இடத்தையும் வேலை செய்கிற இடம்தான் தர வேண்டும். மதியம் ஓ.பி. குறைந்த பிறகு 20 நிமிஷம், இரண்டு குழுவாகப் பிரிந்து, பி.எச்.சி. வளாகத்தைச் சுற்றி வேக நடை. டூட்டி நேரத்துக்குள். இதை எங்கள் பி.எச்.சி.யில் தொடங்கலாம் என்று இருக்கிறேன். குறைகளைச் சொல்லுங்கள்.

இரவு டூட்டி | செவ்வாய், காலை 8.10

சொல்றேன் சார். அந்த 20 நிமிஷம் யாராவது கேஸ் வந்தா லேபர் ரூம்ல இருக்கிற ஒரே ஸ்டாஃப் நர்ஸ் நான்தான், எனக்கு எந்தக் குழுவும் கிடையாது. ரெண்டாவது, வந்திருக்கிற ஜனங்க பார்த்தா "டாக்டரும் நர்ஸும் ரவுண்டு அடிக்கிறாங்க, நாங்க காத்துக் கிடக்கோம்"னு போட்டோ எடுத்துப் போட்டுடுவாங்க. மூணாவது, தயவுசெஞ்சு இதுக்கு ஒரு ரிஜிஸ்டர் போட்டுடாதீங்க. போட்டீங்கன்னா ஒரு மாசத்துல நடை நின்னு கையெழுத்து மட்டும் மிஞ்சும்.

எம்.ஓ., தருமபுரி | செவ்வாய், மதியம் 2.30

மூன்றும் நியாயம். ரிஜிஸ்டர் கிடையாது. வெளியே ஒரு பலகை வைக்கிறேன், "நடைப் பயிற்சி நேரம், நீங்களும் வரலாம்" என்று. காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளையும் சேர்த்து நடக்க வைத்தால் யாரும் போட்டோ எடுக்கப் போவதில்லை. லேபர் ரூம் சிஸ்டருக்கு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. அதற்கு இன்னொரு நர்ஸ் போஸ்டிங்தான் பதில், அது என் கையில் இல்லை.

பிசியோ தங்கச்சி | செவ்வாய், இரவு 8.45

எம்.டி.எம். (மக்களைத் தேடி மருத்துவம்) வண்டியில் போகும் பிசியோதெரபிஸ்ட் நான். லேபர் ரூம் சிஸ்டருக்கு நான் சொல்கிறேன். வெளியே நடக்க வேண்டியதில்லை அக்கா. முன்பெல்லாம் தொடர்ந்து 10 நிமிஷமாவது செய்தால்தான் கணக்கு என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் அந்த விதியை எடுத்துவிட்டது. இரண்டு நிமிஷம் செய்தாலும் கணக்குதான். அதோடு வாரத்துக்கு இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. இதை நாம் யாரிடமும் சொல்வதே இல்லை, "நடங்க, நடங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோம்.

நர்ஸ் உட்காரும் அந்தக் கைப்பிடி இல்லாத நாற்காலியையே எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரம் வைத்தது கூடாது. சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நுனியில் உட்கார்ந்து, பாதத்தை முழங்காலுக்கு நேர் கீழே வைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருங்கள். எழும்போது மூச்சை விடுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி இறங்குங்கள். அந்த இறக்கத்திலும் தொடைத் தசை நன்றாக வேலை செய்கிறது. பத்துத் தடவை. முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரமாக்குங்கள். அடுத்தது சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து. அப்புறம் மேஜையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது இருபது. கெண்டைக்கால் நரம்பு சுருண்டவர்களுக்கு இது மிகவும் நல்லது, மருந்து ஜன்னல் சார், ஜன்னலில் நின்றபடியே செய்யலாம். மொத்தம் நாலு நிமிஷம் ஆகாது.

நடக்கும்போது வேகம் போதுமா என்று பார்க்க மெஷின் வேண்டாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. எண்ணிப் பார்த்தால் நிமிஷத்துக்குச் சுமார் 100 எட்டு.

வீட்டுக்காரர் | செவ்வாய், இரவு 9.30

நான் மருத்துவத் துறை இல்லை. என் மனைவி ஸ்டாஃப் நர்ஸ். இரண்டு வருடம் முன் அவளுக்கு பி.பி. வந்தது. வாக்கிங் போ என்று நானும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன், பேப்பர் படித்துக்கொண்டே. ஒரு நாள் அவள் எதுவும் சொல்லாமல் மாவுப் பாத்திரத்தை என் முன்னால் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று நான் சுட்ட தோசையைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. இப்போது சாப்பிடுகிறார்கள். காலை டிபன் என் வேலை, அவள் 35 நிமிஷம் நடக்கிறாள். இங்கே எழுதும் சகோதரிகளின் வீட்டு ஆண்கள் யாராவது படித்தால், அந்த அரை மணி நேரம் நம் வீட்டு அடுப்படியில்தான் இருக்கிறது.

சமூக மருத்துவம் பி.ஜி. | புதன், காலை 6.15

ஒரு தகவல், அக்காவுக்கு. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்திய இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு, 2006-இல் வெளிவந்தது. சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேர். எந்தத் தலையீடும் இல்லாதவர்களில் மூன்று வருஷத்தில் 55 சதவீதம் பேருக்கு வந்துவிட்டது. உணவு, நடை என்று பழக்கத்தை மாற்றியவர்களில் சுமார் 39 சதவீதம். ஆபத்து கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்த குழுவுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்தான். உங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, அதனால் மாத்திரையை விடாதீர்கள். உங்கள் பி.எச்.சி.யில் வெறும் வயிற்றில் 110, 115 என்று வந்தவர்கள் இருப்பார்களே, அவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

துணைநிலையத்து அக்கா | 24 நாள் கழித்து, சனி, இரவு 8.20

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுத முடியலை. மாத்திரை ஆரம்பிச்சாச்சு. இன்னிக்கு வெறும் வயித்துல 126. சுகர்னு சொல்ற கோடு தாண்டி உள்ள வரலை, கோட்டு மேலேயே நிக்குது.

விடியக்காலை நடையை விட்டுட்டேன். சாயங்காலம் 5.30-க்கு ஸ்கூட்டியை ஏரிக்கரை முனையில நிறுத்திட்டு, கரை மேல போயிட்டு வர்றேன். 22 நிமிஷம். அங்க வீடு கிடையாது, யாரும் கதவைத் திறந்து கேக்க மாட்டாங்க. முதல் வாரம் தனியா போனேன். அப்புறம் எங்க தன்னார்வலர் பொண்ணு சேர்ந்துச்சு. போன வாரம் அந்த முக்காடு போட்ட பாட்டியோட மருமகளும் வந்துடுச்சு, அதுக்கும் பி.பி. மாத்திரை குடுக்கிறது நான்தான். தங்கச்சி சொன்ன நாற்காலிப் பயிற்சி தடுப்பூசி நாள்ல அரை மணி காத்திருக்கச் சொல்ற நேரத்துல அம்மாக்களோட சேர்ந்து செய்யறேன். பிள்ளைங்க சிரிக்குது. எண்ட்ரி இன்னும் ராத்திரிதான், அது மாறலை.

ஒரு சந்தேகம். கரையில கல்லு அதிகம், செருப்பு வாரு அறுந்துட்டே இருக்கு. யூனிஃபார்ம் சேலைக்கு ஷூ போடலாமா? டி.டி. (துணை இயக்குநர்) விசிட் வந்தா ஏதாவது சொல்வாங்களா?

இரவு டூட்டி | சனி, இரவு 10.40

போடுங்க அக்கா. எங்க பி.எச்.சி.யில நாங்க மூணு பேர் போட்டுட்டோம், யாரும் எதுவும் கேக்கலை. சேலையை ஒரு இஞ்சு தூக்கிக் கட்டுங்க, கொசுவம் தடுக்காது. உங்களுக்கு சுகர் இருக்கறதால அரை சைஸ் பெருசா, முன்பக்கம் அகலமா வாங்குங்க. காலையில வாங்காதீங்க, சாயங்காலம் கால் வீங்கின பிறகு போட்டுப் பார்த்து வாங்குங்க. வாங்குறதுக்கு முன்னாடி உங்க என்.சி.டி. (தொற்றா நோய்) நர்ஸ்கிட்ட பாதத்துல உணர்ச்சி இருக்கான்னு ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கோங்க. நான் லேபர் ரூம்ல சுவரைத் தள்ள ஆரம்பிச்சிருக்கேன். இன்னிக்கு பதினாலு.